விரல் இருக்கிறது, உணர்வு இல்லை

விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் உள்ள டீக்கடையில், அவர் கண்ணாடி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். டம்ளரின் சூடு விரல்களுக்குத் தெரிவதில்லை. சட்டைப் பித்தானை மனைவிதான் போட்டுவிடுகிறார். இரவில் மரப்பும் குத்தலும் எழுப்பிவிட்டால் கைகளை உதறிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். சொந்த ஊர் குமரி மாவட்டத்தில். இருபது வயதில் ஜாக்ஹாமரைப் பிடித்தவர், 25 வருடங்கள் குவாரி குவாரியாகப் பாறையில் துளை போட்டார்.

விழிஞ்ஞத்துக்கும் பாறைக்கும் பழைய உறவு. எட்டாம் நூற்றாண்டில் இங்கே பாறையைக் குடைந்து செய்த சிறிய சிவன் கோயில் இன்றும் இருக்கிறது. அதன் இரு பக்கச் சிற்பங்கள் பாதியிலேயே நிற்கின்றன. புதிய துறைமுகத்தின் வேலை 2015 டிசம்பரில் தொடங்கியது. சுமார் மூன்று கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவருக்காகக் கேரளக் குவாரிகளிலிருந்து மட்டுமின்றித் தமிழ்நாட்டிலிருந்தும் லட்சக்கணக்கான டன் கல் வந்தது. 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எந்தக் குவாரியிலும் கல் பெயர்வதற்கு முன்னால் வெடி வைக்கத் துளை வேண்டும். துளைக்கு ஒரு கை வேண்டும்.

கோயிலைக் குடைந்த சிற்பிக்குக் கை வலித்தால் உளியைக் கீழே வைக்கலாம். ஜாக்ஹாமர் தன் வேகத்தில்தான் அடிக்கும், நிமிடத்துக்குச் சுமார் இரண்டாயிரம் முறை. பாறையில் விழும் ஒவ்வொரு அடியின் அதிர்வும் கைப்பிடி வழியே விரலுக்கும் போகிறது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் விரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. முற்றிய பிறகு பிடிமானம் போய்விடும், பெரும்பாலும் திரும்புவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோய் அல்ல. அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் குளிர்காலத்தில் தொழிலாளிகளின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-லேயே பதிவு செய்தார். பிரிட்டன் 1985-இல் இதைத் தொழில்நோயாக அங்கீகரித்தது. அங்கே சில நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் வழக்குப் போட்டார்கள். ஆபத்து இருப்பது 1970-களிலேயே நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1998-இல் மேல்முறையீட்டிலும் தொழிலாளிகளே ஜெயித்தார்கள். மறுவருடம் நஷ்டஈட்டுத் திட்டம் வந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். கொடுத்த தொகை நூறு கோடி பவுண்டைத் தாண்டியது.

இங்கே நிலைமை வேறு. 1923-ஆம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஒரு நோய்ப்பட்டியல் இருந்தது. அதில் உள்ள நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அதில் உண்டு. பனிப்பிரதேசத்தில் வரும் கண் கோளாறுகூட உண்டு. அதிர்வால் வரும் கை நோய் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1980-லேயே தன் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் பட்டியலிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

பட்டியலில் இல்லாத நோய்க்கு, குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்தால்தான் அது நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். சுட்டுவிரல் முழுதும் துண்டாகிப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவிகிதம் இழப்பு, கட்டைவிரல் போனால் 30 சதவிகிதம் என்று பழைய சட்டத்தில் கணக்கு இருந்தது. பத்து விரலும் இருந்து, பத்திலும் உணர்வு இல்லாதவருக்கு அந்த அட்டவணையில் வரியே கிடையாது.

தட்பவெப்பமும் எதிராக நிற்கிறது. குளிர் நாடுகளில் வெளுத்த விரலே சாட்சி. வியட்நாம், மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் ஆராய்ந்தவர்கள் வெளுத்த விரல்களை அரிதாகவே பார்த்தார்கள். மரப்பும் குத்தலும்தான் அங்கே அடையாளம். விழிஞ்ஞத்து வெயிலிலும் விரல் கறுப்பாகவே இருக்கும். பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. நரம்புப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அதற்கு அனுப்ப, என்ன வேலை செய்தாய் என்று கேட்கும் டாக்டர் வேண்டும்.

பட்டியலில் ஒரு நோயைச் சேர்க்க அரசின் அறிவிப்பே போதும். ஆட்களை மாற்றி மாற்றி வேலை வாங்குவது, மழுங்கிய துளைக்கம்பியை உடனே மாற்றுவது, யார் எத்தனை மணி நேரம் பிடித்தார் என்று நோட்டில் எழுதுவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை. அந்த நோட்டு இருந்தால் பின்னால் அதுவே சாட்சியாகும்.

அவரிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. வேலை கொடுத்த கான்ட்ராக்டர்கள் பலர். யாரும் ரசீது தந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் ஒருவர் சொல்லி, நஷ்டஈட்டுக்கு மனு எழுதப் போனார். பெயர், வயது, வேலை எல்லாம் நிரப்பியாயிற்று. விபத்து நடந்த தேதி என்ற இடம் வந்ததும் எழுதிக்கொடுத்தவர் பேனாவை நிறுத்தினார். 25 வருடங்களில் எந்த நாளைச் சொல்வது? மனு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. தேதி எழுத வேண்டிய இடம் மட்டும் காலி.