எழுதுபவரின் அமானிதம்



சென்ற ஆண்டு ஒரு நாள், அத்தா உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பாதத்தைத் தேய்த்த விரல் அழுந்திய இடம் குழியாகவே நின்றது. ஸஜ்தாவுக்குக் குனிந்தால் மூச்சு முட்டுகிறதென்று அவர்கள் ஏற்கெனவே நாற்காலியில் தொழத் தொடங்கியிருந்தார்கள். இரவில் மூன்று தலையணைகள் தேவைப்பட்டன. முதுமை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

மருத்துவர் கழுத்து நரம்பின் புடைப்பைக் கவனித்தார். எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் இடது கீழறை தளர்ந்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு வாங்கும். வலது கீழறை தளர்ந்தால் கால் வீங்கும். பெரும்பாலும் இடப்பக்கத்தின் தளர்ச்சியே வலப்பக்கத்தையும் தளரச் செய்கிறது. அத்தாவுக்கு இரண்டுமே தளர்ந்திருந்தன. நெடுநாள் இரத்தக் கொதிப்பே காரணம் என்றார்.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இதயச் செயலிழப்பு' என்று மட்டுமே இருந்தது. மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் இருந்த சகோதரி, "மருத்துவர் எழுதாததை நாங்கள் குறியீடாக்க முடியாது, எக்கோ தாளைப் பார்த்து ஊகிக்கவும் கூடாது" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் வகை குறிப்பிடாத செயலிழப்பு ஐ50.9, இரத்தக் கொதிப்பால் நேர்ந்ததென்றால் ஐ11.0. அமெரிக்கப் பதிப்பில் இரு கீழறைச் செயலிழப்புக்கென்றே ஐ50.82 உண்டு.

திருத்தி எழுதித் தர மருத்துவர் இசைந்தார். அப்போது மச்சான் தாழ்ந்த குரலில், "கொதிப்பை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் மச்சான். பாலிசிக்கு முந்தைய நோயென்று பணத்தை மறுத்துவிடுவார்கள்" என்றார். எங்கள் மனமும் தடுமாறியது என்பதை மறைப்பதற்கில்லை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுதவேண்டும் என்பது அதில் உள்ள கட்டளை. அதைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாமே ஒரு வரியை மறைக்கச் சொல்வதா? நாளை நள்ளிரவில் வேறொரு மருத்துவர் அந்தத் தாளை நம்பித்தானே மருந்து தருவார்? அத்தாவிடம் கேட்டோம். "உள்ளதை எழுதச் சொல்லுங்க தம்பி" என்றார்கள்.

எழுதப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் ஒரு பகுதியை மறுத்தது. மீதியை உறவினரிடம் கடனாகப் பெற்றோம். அதையும் சாட்சிகளோடு எழுதிக்கொண்டோம்.

உங்கள் வீட்டு முதியவரின் பாதத்தில் விரல் குழி விழுந்தால், முதுமையென்று கடந்துவிடாதீர்கள். மருத்துவர் தரும் தாளையும் வாசித்துப் பாருங்கள். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.