ஈரத் தொப்பி

எட்டாம் வகுப்பு முடிந்த மே மாதம் எனக்குத் திருப்பதியில் மொட்டை அடித்தார்கள். பதின்மூன்று வயது. அந்த வருஷம் மார்ச்சில் அப்பா மஞ்சள்காமாலை முற்றி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தால் பையனுக்கு முடி இறக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். பிழைத்துவிட்டார். முடிக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் என் கோபம். அதை அம்மாவிடம் காட்ட முடியவில்லை. அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

கல்யாணகட்டாவை விட்டு வெளியே வந்ததும் தலையில் சந்தனம், அதற்கு மேல் ஒரு துணித் தொப்பி. நம்மூர்ப் பையன்களின் தொப்பி வரலாற்றை யாராவது எழுதினால் அங்கேதான் தொடங்க வேண்டும். வெயிலுக்காக இங்கே யாரும் தொப்பி போட்டதில்லை. மே மாத மதியம் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன் கர்சீப்பை விரித்துப் போட்டுக்கொள்வான், இல்லையென்றால் பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வான். ஒரு பையன் தொப்பியோடு வந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கோயில்?"

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பாட்டி வீட்டுச் சுவரில் தாத்தாவின் சின்ன வயசு ஸ்டூடியோ படம் உண்டு. கோட்டு, வெறுங்கால், சரிகை வைத்த வெல்வெட் குல்லா. குல்லாவுக்குள் குடுமி. கிராப்பு வந்ததும் முடியே காட்ட வேண்டிய பொருளாகிவிட, குல்லாவுக்கு வேலை இல்லாமல் போயிருக்கும் என்பது என் ஊகம். 1909இல் இந்தியாவுக்கு வந்த சாரணர் இயக்கத்தில் முதலில் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான் இடம். அன்னி பெசன்ட் மதராஸில் நம் பையன்களுக்கென்று தனியாக ஒன்றைத் தொடங்கியபோது அதே பயிற்சிதான், அதே உறுதிமொழிதான். தலையில் மட்டும் தலைப்பாகை. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

பிறகு காந்தி குல்லா. அந்தக் குல்லாவை நாட்டுக்கே மாட்டிவிட்டவர், 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையோடு சேர்த்து அதையும் கழற்றிவிட்டார். 1955 ஜனவரியில் எங்கள் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட மாநாடு. நேரு தலையில் குல்லா. அப்போது முதலமைச்சராக இருந்த காமராஜரை நாம் பார்த்துப் பழகிய படங்களில் வெறுந்தலைதான், தோளில் துண்டு. தமிழில் 'குல்லா போடுவது' என்றால் ஏமாற்றுவது என்றும் அர்த்தம். அந்தச் சந்தேகம் நமக்கு ரொம்ப நாளாகவே இருக்கிறது. கடைசியில் எல்லாத் தொப்பிகளும் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வந்து சேர்ந்தன: பாரதி முண்டாசு, நேரு குல்லா, பஞ்சு ஒட்டிய எம்.ஜி.ஆர். தொப்பி.

இதில் நாம் மட்டும் விசித்திரமானவர்கள் இல்லை. ஆஸ்திரியாவுக்கு 1918க்குப் பிறகு கடற்கரையே கிடையாது. வியன்னா சிறுவர் பாடகர் குழு முன்பு ராணுவக் கேடட் உடுப்பில் பாடியது. பேரரசு போனபின் 1924இல் குழுவை மறுபடி தொடங்கியபோது பையன்களுக்கு மாலுமி உடுப்பை மாட்டிவிட்டார்கள். கடல் இல்லாத ஊரில் கப்பல்காரப் பையன்கள்! பையன்களின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று பையன்களை எங்கேயும் கேட்பதில்லை போல.

ஜூனில் பள்ளி திறந்தது. "கிளாஸ்ல என்னடா தொப்பி? கழட்டு" என்றார் வாத்தியார். அதோடு முடிந்தது திருப்பதித் தொப்பி. அடுத்த வாரம் என்.சி.சி.க்குப் பெயர் கொடுத்தேன். தேசபக்தி எல்லாம் ஒன்றுமில்லை. பரேடில் தொப்பியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

தொப்பி வந்தது ஆகஸ்டில். அதற்குள் முடி ஒரு இஞ்ச் வளர்ந்துவிட்டது.

புது பெரே தொப்பியைப் பார்த்திருக்கிறீர்களா? கருகின தோசை மாதிரி நாலா பக்கமும் விறைத்து நிற்கும். போட்டுப் பார்த்துவிட்டு மூலையில் எறிந்தேன். அப்பாவுக்கு ஆவடி ஓ.சி.எஃப்.பில் தையல் வேலை. 1961இல் வந்த ஃபேக்டரி. ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிற இடம். ஆயிரக்கணக்கான சிப்பாய்ச் சட்டைகளுக்குக் கை வைத்துத் தைத்தவர், தன் தலைக்கு எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. அன்று ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து வெந்நீரில் முக்கினார். பிழிந்து, வாசப்படியில் உட்கார வைத்து, ஈரத்தோடு என் தலையில் வைத்து வலப்பக்கமாக இழுத்து அழுத்தினார். தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"ஆடாம ஒக்காரு. காயற வரைக்கும் கழட்டக் கூடாது."

"எவ்ளோ நேரம்பா?"

மூன்று மாதத்தில் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கை தொப்பியிலிருந்து நகரவில்லை.

"உங்கம்மா வேண்டிக்கிட்டப்ப நான் முழிச்சிட்டுதான்டா இருந்தேன். வேணாம்னு சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல."

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். அந்தத் தொப்பி சொன்னபடி காய்ந்து, இடது கண்ணுக்கு மேல் பேட்ஜ் சரியாக நின்றது. ஏ சர்டிஃபிகேட் வாங்கும்வரை அதைத்தான் போட்டேன்.

இப்போது அப்பாவுக்கு எழுபத்திரண்டு. மார்கழி என்றால் மங்கி கேப்போடுதான் பருத்திப்பட்டு ஏரியில் வாக்கிங். அடுத்த மாதம் அவருக்கு ஆஞ்சியோ. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மா என் மகனைப் பார்த்துக்கொண்டே, "ஏழுமலையானே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சா..." என்று ஆரம்பித்தாள். அவனுக்கு ஆறு வயசு. தோசையில் மும்முரமாக இருந்தான்.

அப்பா மங்கி கேப்பைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நாலைந்து முடி காற்றில் எழுந்து நின்றது.

"நேர்ந்துக்கறதுன்னா இதை நேர்ந்துக்கோ" என்றார். "அவனைக் கேக்காம அவன் தலையில கை வைக்காத."