குறும்பலாவின் நிழலில்

குற்றாலம் என்றதும் அருவியும் சாரலும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அத்தலத்தின் உயிர், என் எண்ணத்தில், ஒரு மரம். சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் ஆலயத்தின் தல விருட்சம் குறும்பலா. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தப் பெருமான் குற்றாலத்துக்கு ஒரு பதிகம் பாடியதோடு நில்லாமல், குறும்பலாவுக்கென்று தனியே மற்றொரு பதிகமும் அருளிச்செய்தார். மரத்தின் பெயரால் தனிப் பதிகம் பெறுவது எளிய பேறா? பலாவையே சிவ வடிவாகக் கண்டு வணங்குவது அவ்வூர் மரபு.

கடந்த ஆடி மாதம் 74 வயது நிரம்பிய என் தமக்கையாருடன் அங்கே சென்றிருந்தேன். முழங்கால் வலியால் அருவியில் நிற்க அவரால் இயலாது. அத்தான் மறைந்தபின் வெளியூர்ப் பயணத்தையே தவிர்த்து வந்தவர். சுவாமி, அம்பாள் தரிசனம் முடிந்ததும் குறும்பலாவின் முன் கைகூப்பி நெடுநேரம் நின்றார். காரணம் எனக்குத் தெரியும். தென்காசிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்பதற்கு மும்பையிலிருக்கும் அண்ணன் விலை பேசி முடித்திருந்தார். கொல்லையில் எங்கள் தந்தையார் வைத்த பலா நிற்கிறது. வாங்குகிறவர் அந்த இடத்தில் கார் நிறுத்தக் கொட்டகை போடப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அங்கிருந்து ஐந்தருவிக்கு அருகிலுள்ள தோட்டக்கலைத் துறையின் சூழல் பூங்காவுக்குச் சென்றோம். அருவிக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. முதியோருக்கு அதுவே நல்லதாயிற்று. மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் நடைபாதைகள். எங்கோ தண்ணீர் ஓடும் ஓசை. இலைகளிலிருந்து சொட்டும் சாரல். செல்ல விரும்பும் அன்பர்கள் காலையிலேயே செல்வது நலம். சாரல் நாளில் பாதை வழுக்கும். கைத்தடியை மறக்க வேண்டாம். கையில் கொண்டுபோகும் நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவரவும் மறக்க வேண்டாம். பிரசாதம் உண்ட பொட்டலத்தை மலைக்கு விட்டு வருவது எந்த ஆகமத்தில் சொன்ன வழிபாடோ!

இம்மலை பழமரங்களுக்கும் நறுமணப் பயிர்களுக்கும் பெயர் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றை இங்கே வளர்த்துப் பார்த்தார்கள். பழத்தோட்ட அருவி என்றே ஓர் அருவியும் உண்டு.

பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்றுதான் அக்காள் நடந்தார். வழியில் ஒரு பலா, அடிமரத்திலேயே காய் பிடித்திருந்தது. அதன் முள் தோலைத் தடவியபடி, "அப்பா வைத்ததும் இப்படித்தான் கைக்கெட்டும் உயரத்தில் காய்த்தது" என்றார். ஒரு பலாப்பழத்தின் ஒவ்வொரு சுளையும் ஒவ்வொரு தனிப் பூவிலிருந்து உருவாவது என்று படித்ததைச் சொன்னேன். "அப்படியானால் ஒரு குடும்பமே ஒரு தோலுக்குள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

வெளியே வந்ததும் சாலையோரத்தில் ஓர் அம்மையாரிடம் மங்குஸ்தான் வாங்கினோம். பழத்தின் அடியிலுள்ள பூப்போன்ற அடையாளத்தை எண்ணச் சொன்னார் அவர். ஆறு இதழ். உடைத்தால் உள்ளே சரியாக ஆறு சுளை. அக்காள் சிரித்து நான் பார்த்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. "இந்த மரம் காய்க்க எத்தனை வருஷம் ஆகும்மா?" என்று கேட்டார்.

"ஏழெட்டு வருஷம் ஆகும்மா. சிலது பத்துக்கு மேலேயும் இழுக்கும். வைக்கிறவங்க ஒருத்தர், தின்கிறவங்க ஒருத்தர்."

காரில் ஏறியபின் அக்காள் கேட்டார்: "தம்பி, நீ பேங்கில் எத்தனையோ பத்திரம் பார்த்தவன். மரத்தை வெட்டக் கூடாது என்று பத்திரத்தில் எழுத முடியாதா?"

எழுதலாம், ஆனால் விற்றுக் கைமாறிய நிலத்தில் அந்த வரியை நாளை யார் காப்பாற்றுவது? 34 ஆண்டுகள் வீட்டு அடமான மதிப்பீடுகளைப் பார்த்திருக்கிறேன். மனைக்கு ஒரு கட்டம், கட்டடத்துக்கு ஒரு கட்டம். கொல்லைப் பலாவுக்கென்று ஒரு கட்டத்தை நான் கண்டதில்லை. ஆகவே வேறு வழி சொன்னேன். மரம் நிற்பது பின்தெருவை ஒட்டிய மூலை. அந்த மூன்று சென்டை விற்காமல் அக்காள் பெயரில் நிறுத்திக்கொண்டால் போக்குவரத்துக்கும் தடையில்லை.

அன்றிரவே அண்ணனுடன் தொலைபேசியில் பேசினேன். விலை குறையும் என்றதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இப்போதும் காய்க்கிறதா?" என்று மட்டும் கேட்டார். காய்க்கிறது என்றேன்.

வரும் புதன்கிழமை நில அளவையர் வருகிறார். எல்லைக்கல் நடுமுன் வேர் எதுவரை ஓடியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்படி அக்காள் இதுவரை இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.