பச்சைப் பாம்பும் பாட்டியின் இரண்டு பேச்சும்

பாகூரில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு மருதாணிச் செடி இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் காற்றே இல்லை, ஆனால் ஒரு கிளை மட்டும் ஆடியது. உற்றுப் பார்த்தேன், பச்சைப் பாம்பு! நான் போட்ட சத்தத்தில் பாட்டி ஓடி வந்து, "கண்கொத்திடா, கண்ணைப் பொத்திக்கோ!" என்றார். அப்பா கம்பால் அடித்தார். வயிறு கிழிந்து, உள்ளிருந்து குட்டிகள் நெளிந்தன. முட்டை இல்லை, உயிருள்ள குட்டிகள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. காட்டிக் கொடுத்தவன் நான்தானே.

இதே பாட்டிதான், பச்சைப் பாம்பைக் கையால் உருவிவிட்டால் சமையலில் கை மணக்கும் என்று அத்தைமாரிடம் சொல்வார். ஒரே பாம்புக்கு இரண்டு பேச்சு!

பிரெஞ்சுப் பள்ளியில் நான் கற்றதும் இரண்டே சொல். 'வீப்பேர்' என்றால் ஆபத்து, 'குலேவ்ர்' என்றால் ஆபத்தில்லை. பச்சைப் பாம்போ நடுவில் நிற்கிறது. விஷப்பல் உண்டு, ஆனால் வாயின் பின்பக்கம். ஓணான், பல்லி, தவளைக்கு அது போதும். மனிதரைக் கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமும்தான். கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். கூரிய மூக்கை நம் முகத்துக்கு நேராக நீட்டி ஆடுவதால்தான் கண்ணைக் கொத்தும் என்ற பயம் வந்திருக்க வேண்டும். சிங்களத்திலும் இதற்குக் கண்ணைக் குத்துவது என்ற பொருளில் 'அஹேடுல்லா' என்று பெயர். அறிவியலும் அதையே எடுத்துக்கொண்டது. பாவம், பழி உலகமெங்கும் பதிந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். மலைப் பக்கம் மூங்கில் குழிவிரியனும் பச்சைதான். அது தடித்த உடம்பு, முக்கோணத் தலை, செங்குத்தான கண்மணி. அதன் விஷம் இதைவிடக் கடுமை. ஆகவே எந்தப் பாம்பையும் தொட வேண்டாம். கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போன மாதம் எங்கள் மல்லிகைப் பந்தலில் ஒன்று வந்தது. மருமகள் கம்பு கேட்டாள். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணைக் கொத்தாதா தாத்தா?"

"நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்டா."

அரை மணி நேரத்தில் அது கொடிக்குள் நழுவிப் போயிற்று. அன்று மருமகள் பூப் பறிக்கவில்லை. மறுநாள் பறித்தாள்.