ஷார்டொனேயும் எங்கம்மா மூக்கும்

ஒயின் என்றால் பழைய சினிமாவில் சில்க் கோட் போட்ட வில்லன் மாடிப்படியில் இறங்கும்போது கையில் சுழலுமே, அந்தச் சிவப்புத் தண்ணீர். சமீப காலம் வரை என் ஞானம் அவ்வளவுதான். வெள்ளையாகவும் ஒயின் உண்டு என்று தெரிந்த ராத்திரியில் என் மானமும் போயிற்று.

சென்னையில் நண்பனின் கம்பெனி டின்னர். நான் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. பி.காம். முடித்து, நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதும் ஆசாமி. 'சும்மா வாடா, சாப்பாடு நல்லாருக்கும்' என்று இழுத்துப் போனான்.

வெயிட்டர் என் கிளாஸில் ஒரே ஒரு மடக்கு ஊற்றிவிட்டுப் பவ்யமாக நின்றார். கம்பெனி சிக்கனத்தில் இருக்கிறது போல என்று நினைத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லாருக்குண்ணே, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். மேஜை சிரித்தது. அந்த ஒரு மடக்கு மோந்து பார்த்து, ருசி பார்த்து, பாட்டில் கெட்டுப்போகவில்லை என்று தலையாட்டுவதற்காம்! தாலி கட்டும் முன் மாப்பிள்ளையே பந்தியில் உட்கார்ந்த கதை.

எதிரே இருந்த மேனேஜர் கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, "பட்டர்... வெனிலா... பின்னால கொஞ்சம் பச்சை ஆப்பிள்" என்றார். நானும் மூக்கை விட்டேன். எனக்கு ஒயின் வாசனைதான் வந்தது. போதாக்குறைக்கு, 'கிளாஸை வயித்துல பிடிக்காதீங்க, தண்டுல பிடிங்க. கைச்சூட்டுல ஒயின் சூடாயிரும்' என்று அட்வைஸ் வேறு.

ரோஷம் வந்துவிட்டது. படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க விஷயம் சுவாரஸ்யமாகத்தான் இருந்தது.

ஷார்டொனே என்பது பாட்டில் பெயர் அல்ல, திராட்சையின் பெயர். பச்சைத் தோல் திராட்சை. பூர்வீகம் பிரான்ஸில் பர்கண்டி. அங்கே ஷார்டொனே என்றே ஒரு கிராமமும் உண்டு. பெரிய குடும்பத்துப் பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1999-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் டி.என்.ஏ. பரிசோதனையில் குட்டை உடைத்தார்கள். ஒரு பக்கம் 'பினோ' என்ற ராஜ வம்சம். இன்னொரு பக்கம் 'குவே பிளாங்' என்று யாரும் மதிக்காத குடியானவர் வீட்டுத் திராட்சை. ரெண்டும் அடுத்தடுத்த தோட்டத்தில் வளர்ந்திருக்க வேண்டும். அப்புறம் என்ன, நம் தமிழ் சினிமாதான்!

1976-ல் பாரீஸில் ஒரு போட்டி. லேபிளை மறைத்துவிட்டு பிரெஞ்சு நடுவர்களிடமே ருசி பார்க்கக் கொடுத்தார்கள். வெள்ளை ஒயினில் முதலிடம் வந்தது கலிபோர்னியாவின் ஷாத்தோ மாண்டெலீனா 1973 ஷார்டொனே. நடுவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நம் மகாராஷ்டிராவில் அக்லூஜ் பக்கத்திலும் ஷார்டொனே விளைகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது வேறு ஜாதி, கறுப்புப் பன்னீர் திராட்சை. அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த மேனேஜர் சொன்ன வெண்ணெய்க்கும் காரணம் இருக்கிறது. திராட்சையில் இயற்கையாக ஒரு புளிப்பு உண்டு, பச்சை ஆப்பிளில் இருக்கிற அதே புளிப்பு. சில பாக்டீரியாக்கள் அதைத் தயிரில் இருக்கிற சாந்தமான புளிப்பாக மாற்றிவிடும். அப்போது பிறக்கும் ஒரு பொருளுக்குத்தான் வெண்ணெய் வாசனை. வெனிலா எங்கிருந்து? ஓக் மரப் பீப்பாயில் ஊறியதில். பீப்பாயே வேண்டாம் என்று எவர்சில்வர் தொட்டியில் வைத்தால் எலுமிச்சை மாதிரி சுருக்கென்று இருக்கும். பர்கண்டியின் வடக்கே ஷாப்லி என்ற குளிர்ப் பிரதேசம். அங்கே மண்ணிலேயே ஆதிகாலச் சிப்பி ஓடுகள் கலந்து கிடக்கின்றன. அந்த ஊர் ஷார்டொனேவில் வெண்ணெயும் அநேகமாக இருக்காது, வெனிலாவும் இருக்காது. நனைந்த கல் வாசனை என்கிறார்கள்.

மண்ணுக்கு மண் ருசி மாறும் என்பதை மட்டும் நான் உடனே நம்பினேன். நான் பரளச்சிக்காரன். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பிறந்தவனுக்கு ஊருணித் தண்ணி எது, போர்த் தண்ணி எது, உப்புக் கிணறு எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். தண்ணிக்கு அலைந்த ஊரில் நாக்குக்கு இந்தப் படிப்பு இலவசம்.

இந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிக்கூட சிநேகிதன் ஒரு ஆஸ்திரேலிய ஷார்டொனே கொடுத்தான். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பையில் அதுவும் இருந்தது. மதுரையில் இறங்கி, அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, வழி நெடுக கரிசலையும் சீமைக்கருவேலையும் பார்த்துக்கொண்டு, மடியில் பாட்டிலைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன்.

பத்துப் பன்னிரண்டு டிகிரியில் குடிக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அதனால் அம்மா தூங்கியதும் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். உலகத்திலேயே மோசமான ஒளிவிடம் அதுதான் என்று விடிந்ததும் புரிந்தது. நம் வீடுகளில் காலையில் முதலில் வெளியே வருவது இட்லி மாவுதானே!

நான் எழுந்து வந்தபோது பாட்டில் அடுப்பங்கரை மேடையில் இருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இங்கே கொஞ்சம் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். ஆனால் குடி. ரெண்டு ஏக்கர் கரிசல் காடு அந்த வழியில்தான் போயிற்று. 2003-ல் சில்லறைக் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டபோது, 'இனிமே நம்ம காசு கவர்மெண்டுக்குத்தான் போகுது, தேச சேவை' என்று ஜோக் அடித்தார். 2009-ல் கல்லீரல் போய்ச் செத்தார். நான் அப்போது அருப்புக்கோட்டையில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய்யா, இது என்ன?"

"திராட்சை ரசம்மா. குடிக்கிறதுக்கு இல்லம்மா... இது ஒரு ரசனை. வாசனையைப் புரிஞ்சுக்கிறது..." எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"அப்படியா? திற, பாப்போம்."

திருகு மூடியைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். அம்மா எடுத்தாள். குடிக்கவில்லை. மூக்குக்குக் கீழே பிடித்தாள். தண்டு இல்லாத டம்ளரையும் விளிம்போரமாகத்தான் பிடித்திருந்தாள்!

"வெண்ணெ உருக்குற வாசம் வருது. முருங்கக்கீரை போடுறதுக்கு முந்தி வருமே, அது." மறுபடி மோந்தாள். "பிஸ்கட்டுக் கடை வாசம். அடியில லேசாப் பொகை... தேங்காச் செரட்டை கருகுன மாதிரி. கடைசியா ஒரு மாங்காப் பிஞ்சு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெண்ணெய், பீப்பாய், புளிப்பு, எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. மேனேஜர் எத்தனை பார்ட்டியில் கற்றாரோ, இவள் ரெண்டு மூச்சில் முடித்துவிட்டாள்.

"எப்படிம்மா?"

"உங்கப்பா வருவாருல்ல, வாசல்ல நின்னு மோந்து மோந்து பழகுன மூக்குய்யா இது. நாட்டுச் சரக்கா, கடைச் சரக்கா, சாப்பிட்டாரா சாப்பிடலையா, இன்னிக்கி அடிப்பாரா அழுவாரா... எல்லாம் அவரு படியேறுறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். ஒங்களத் தூங்க வைக்கவா, பெரியம்மா வீட்டுக்கு அனுப்பவான்னு முடிவு பண்ணணும்ல?"

சின்ன வயசில் சில ராத்திரிகளில் காரணமே இல்லாமல் எங்களைப் பெரியம்மா வீட்டில் படுக்க அனுப்பியது ஏன் என்று அடுப்பங்கரையில் நின்றபடி அப்போதுதான் புரிந்தது.

"சரி, நீ எவ்வளவு குடிக்கே?"

பொய் சொல்லலாம். அந்த மூக்குக்கு முன்னால் எப்படிச் சொல்வது? உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். மாதம் ஒரு கிளாஸில் ஆரம்பித்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும். போன மாதம் வெள்ளிக்கு ஒன்று என்பது மூன்றாகியிருந்தது. பி.காம். புத்தியில் சொன்னால், குடிச் செலவை 'அறிவு வளர்ச்சி' என்ற தலைப்பில் பற்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆடிட்டர் எதிரே உட்கார்ந்துவிட்டாள். உள்ளதைச் சொன்னேன்.

மது எந்த அளவிலும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதைப் படித்தும்தான் இருந்தேன். ஆனால் அறிக்கைகள் எதிரே உட்கார்ந்து, 'எவ்வளவு குடிக்கே?' என்று கேட்பதில்லையே.

அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஊத்துனதைக் குடி. என் முன்னாலயே குடி. ஒளிச்சு வைக்காத. உங்கப்பாவும் மொதல்ல ஒளிச்சுத்தான் வச்சாரு" என்றாள்.

குடித்தேன். அவள் சொன்ன வரிசையிலேயே வெண்ணெய் வந்தது, புகை வந்தது, கடைசியில் மாங்காய்ப் பிஞ்சு. அத்தனை நாள் படித்தும் பிடிபடாத ருசி அன்றைக்கு அரை டம்ளரில் பிடிபட்டது. மிச்சத்தை அவளே முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். (மரம் நன்றாக இருக்கிறது. கீரையில் வெனிலா வாசனை எல்லாம் இல்லை.)

இப்போது எனக்கு மாதம் ஒரு கிளாஸ், அதுவும் சாப்பிட்டுக்கொண்டே. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவிடமிருந்து தவறாமல் போன் வரும். மழை பெய்ததா, மல்லிகை என்ன விலை என்று ஏதாவது பேசுவாள்.

போன வாரம் கேலியாகக் கேட்டேன்: "என்னம்மா, போன்ல வாசனை தெரியுமா?"

"வாசனை தெரியாதுய்யா. நீ 'அம்மா'ன்னு கூப்பிடுற பாரு, அதுல தெரியும்" என்றாள்.