செஞ்சி விடுதியில் என் மகள்

சென்ற ஆடி மாதம், கூழ் வார்த்தலுக்கு சிங்கவரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூழ் ஒரு சாக்குதான். செஞ்சியில் அரசு மாணவியர் விடுதியில் சேர்ந்து ஒன்றரை மாதமே ஆன என் மகளைத் திரும்ப அழைத்து வந்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். "அம்மா, என்னால முடியல" என்று காப்பாளர் அம்மாவின் போனில் அவள் அழுதது காதிலேயே நின்றது.

எங்கள் ஊரில் எட்டாவதுக்கு மேல் பள்ளி இல்லை. ஒன்பதாவதுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வீடு திரும்ப இருட்டிவிடும். இப்படித்தான் எட்டாவதோடு நின்றாள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி. பதினேழு வயதில் அவளுக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். அந்தப் பயத்தில்தான் மகளை விடுதியில் சேர்த்தோம். அக்கா வீட்டில் விடலாமே என்பீர்கள். அங்கே ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள்.

சிங்கவரத்திலிருந்து செஞ்சி நாலைந்து கிலோமீட்டர்தான். தினமும் போனேன். காப்பாளர் அம்மா நல்ல மாதிரி. "ரெண்டு நாள் இருந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார்.

திங்கட்கிழமை விடியுமுன்பே குழாயடியில் வாளி வரிசை. பிறகு படிப்பு, எட்டு மணிக்கு இட்லி, எட்டரைக்குப் பள்ளி. மாலையில் சுண்டல், மறுபடி படிப்பு, ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. புதன்கிழமை கோழிக் குழம்பு என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே குஷி.

என் மகள் மட்டும் இட்லி சாப்பிடாமல் ஓடினாள். ஏன் என்று பார்த்தால், தலை பின்னத் தெரியவில்லை! பள்ளிக்கு ரெட்டைச் சடை, ரிப்பன் வேண்டும். வீட்டில் பதினாலு வயது வரை நானே பின்னிவிட்டேன். இங்கே அதற்கே அரை மணி போராடி, சாப்பாட்டை விட்டு, பசியோடு போய்த் திட்டு வாங்கியிருக்கிறாள். அவள் அழுகைக்குக் காரணம் விடுதி இல்லை, என் செல்லம்.

அன்று மாலையே வராந்தாவில் உட்கார வைத்து, வகிடு எடுப்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். வியாழன் காலை சடை கோணலாக இருந்தது. ஆனால் மூன்று இட்லி சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை இன்னொன்று தெரிந்தது. நடுவாரத்தில் அவளுக்கு மாதவிலக்கு வந்திருக்கிறது. பள்ளியில் புதுயுகம் திட்டத்தில் கொடுத்த நாப்கின் இருந்ததாம். பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம். "என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றேன். "நானே பாத்துக்கிட்டேம்மா" என்றாள். சந்தோஷம்தான், மனசு கொஞ்சம் வலித்தது என்பதும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை அனுமதி கேட்டு, சிங்கவரம் மலைக்கு அழைத்துப் போனேன். பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில். ரங்கநாதர் பாறையிலேயே பள்ளி கொண்டிருக்கிறார். தேசிங்கு ராஜாவின் குலதெய்வம் என்பார்கள். 1714-ல் அவர் போருக்கு உத்தரவு கேட்க வந்தபோது, போகாதே என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க் கதை. ராஜா கேட்கவில்லை, போரில் மாண்டார்.

படியில் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டு, "வீட்டுக்குப் போலாமா?" என்றேன். தூரத்தில் செஞ்சிக் கோட்டை தெரிந்தது. 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமான கோட்டை அது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்குக் கணக்குப் பரீட்சைம்மா, ஆறு மணிக்குள்ள விட்டுடு" என்றாள்.

விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் அழுதேன்.

பிள்ளையை விடுதிக்கு அனுப்பப்போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் முறுக்கும் ஊறுகாயும் வைக்கிறோம். அதற்கு முன் தலை பின்ன, துணி துவைக்க, கிழிசல் தைக்க, வயிற்றுவலி வந்தால் பெரியவர்களிடம் சொல்லப் பழக்கிவிடுங்கள். பிள்ளை அழுதால் உடனே அழைத்து வரவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். நேரில் போய் நாலு நாள் பாருங்கள். காரணம் பெரிதா சிறிதா என்று அப்போதுதான் தெரியும்.