பேரை வெட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயது போன உம்மா, வாப்பா, மாமி, மாமா இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

மாமிக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து ஒரு மாதமாகிறது. அல்ஹம்துலில்லாஹ், நன்றாகப் பார்க்கிறா. விசாரித்த எல்லோருக்கும் நன்றி. "எப்படி நடந்தது, ஆர் செய்தது" என்று பலர் கேட்டீர்கள். ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடத்திய கண் பரிசோதனையில்தான் தொடங்கியது. அதைச் சொல்வதென்றால் எங்களுடைய பழைய பிழை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சில வருடங்கள் கழித்து எங்கள் முகாமுக்கு ஒரு கிறிஸ்தவ அமைப்பின் வாகனம் வந்தது. கண் பார்த்து, புரை உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஒப்பரேசன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் இலவசம். மாமியின் மூத்த அக்கா, எங்களுக்குப் பெரியம்மா, முதல் நாளே பேர் கொடுத்தா.

அன்றிரவே முகாமில் கதை கிளம்பியது. "கண்ணைக் காட்டப் போனால் கையில பைபிளும் தருவாங்க. இண்டைக்குக் கண், நாளைக்கு ஈமான்." நாங்கள் அப்போது புதிதாகத் தொழிலுக்கு வந்த ஆசிரியர்கள், மூன்று நாலு பேர். எங்கள் சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. விசாரித்துப் பார்க்கவில்லை, வந்தவர்களிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. "இப்ப அவசரமில்லை, எங்கட ஆக்கள் ஆரும் செய்வாங்க, பொறுங்க" என்று வீடு வீடாகச் சொன்னோம். பெரியம்மா, "நீங்க படிச்ச ஆக்கள், உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லித் தன் பேரை வெட்டச் சொன்னா.

எங்கட ஆக்கள் ஒருவரும் வரவில்லை. நாங்களும் ஒருவரையும் தேடிப் போகவில்லை. "புரை நல்லா முற்ற வேணும், பிறகுதான் எடுக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெரியம்மாவும் காத்திருந்தா. ஒருநாள் இரவு கண் சிவந்து, தாங்க முடியாத வலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முற்றிய புரையால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டது என்றார்கள். புரையை எடுக்கலாம், பார்வை வராது. மற்றக் கண்ணிலும் பிறகு நிழல் மட்டும்தான் மிஞ்சியது. யாழ்ப்பாணத்தை மறுபடி காணாமலே புத்தளத்தில் மௌத்தானா. ஒருநாளும் எங்களைக் குறை சொன்னதில்லை.

அந்தப் பயம் முழுக்கப் பொய்யா என்று கேட்டால், இல்லை. இந்த மண்ணுக்கு வந்த மிஷன் வைத்தியர்கள் தங்கள் மதத்தைப் பரப்பும் எண்ணத்தை மறைத்ததே இல்லை. 1819இல் இலங்கை வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த அமெரிக்கர் ஜோன் ஸ்கடர், வைத்தியராகவும் பாதிரியாராகவும் இருந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழர்களுக்கு நற்செய்தி சொன்ன வைத்தியர் என்று தன் கல்லறையில் எழுதப்பட வேண்டும் என விரும்பினார். ஆனால் அதே கிறீன் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

தான் கற்ற வைத்தியம் தன்னோடு போய்விடக்கூடாது என்று இங்குள்ள இளைஞர்களைப் பயிற்றினார். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் வைத்தியம் படித்து வெளியேறினார்கள். இரண்டாம் முறை வந்தபோது பாடத்தையே தமிழில் நடத்தினார். 1852இல் ‘அங்காதிபாதம்’ வந்தது. 1867இல் ‘இரண வைத்தியம்’ வந்தது. அது துறுயிற் என்ற ஆங்கில வைத்தியரின் சத்திரசிகிச்சை நூலின் தமிழாக்கம். அந்த மூலநூலில் கண் நோய்களுக்கும் இடம் உண்டு. தன் மாணவர்கள் உடையையும் பழக்கத்தையும் மாற்றி அரைகுறை வெள்ளைக்காரராவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருந்து வைத்தியம் செய்யுங்கள் என்பதுதான் அவர் நிலைப்பாடு.

அவருடைய நிய்யத்து என்ன என்பது அல்லாஹ்வுக்கும் அவருக்கும் இடையில் உள்ள விஷயம். இன்றும் மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பண்டத்தரிப்பில் தொடங்கிய ஸ்கடரின் குடும்பக் கதை தமிழ்நாட்டில் தொடர்ந்தது. அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தகப்பனோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் கஷ்டப்பட்டார்கள். வைத்தியரான தகப்பனை அனுப்புகிறேன் என்று ஐடா சொல்ல, வெளி ஆண் எங்கள் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த மூன்று ஆண்களில் ஒருவர் முஸ்லிம். வைத்தியம் படிக்கமாட்டேன் என்றிருந்த ஐடா அதன் பிறகுதான் அமெரிக்கா போய்ப் படித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். அதுதான் இன்று எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் வைத்தியத்துக்குப் போகும் வேலூர் சீ.எம்.சீ.

அங்கே 1940களின் பிற்பகுதியில் கண் பிரிவுக்கு வந்தவர் விக்டர் ராம்போ என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர். கண் தெரியாத ஏழை ஆஸ்பத்திரியைத் தேடி வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். கூட்டிவர ஆள் வேண்டும், பஸ் காசு வேண்டும், கூட வருபவரின் நாட்கூலியும் போகும். அதனால் அவர் ஆஸ்பத்திரியைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார். முகாம் போட்டு, கிராமத்திலேயே வைத்து ஒப்பரேசன் செய்தார்கள். இன்று எங்கள் கிராமங்களுக்குக் கண் பார்க்க வருபவர்களும் அந்த வழியில் வருபவர்கள்தான். சில இடங்களில் ஒப்பரேசன் மட்டும் ஆஸ்பத்திரியில் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயத்தை எழுதக் கை கூசுகிறது. ஆப்கானிஸ்தானில் 1966 முதல் வேலை செய்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு, தன் கண் வைத்தியத் திட்டத்துக்கு ‘நூர்’ என்று பெயர் வைத்தது. டொம் லிற்றில் என்ற அமெரிக்கர் முப்பது வருடங்களுக்கு மேல் அங்கே கண் வைத்தியப் பணியில் இருந்தார். 2010 ஓகஸ்ட்டில் நூரிஸ்தான் மலைக் கிராமங்களில் வைத்தியம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் அவரும் கூட இருந்தவர்களுமாகப் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் ஆப்கானியர்கள். மதம் பரப்ப வந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். அமைப்பு அதை மறுத்தது. அந்தச் செய்தியை வாசித்த நாளில் எங்களுக்கு அந்த முகாம்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் யாரையும் சுடவில்லை. ஆனால் விசாரிக்காமல் அதே குற்றச்சாட்டைத்தான் நாங்களும் சொன்னோம்.

கண் வைத்தியம் என்பது ஒரு சமயத்தாரின் சொத்துமல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் கண்ணைப் பற்றி அறபியில் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூல் எழுதிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். கலீபாவே அவரைத் தன் வைத்தியராக வைத்திருந்தார். அதற்குப் பின் எகிப்தில் இருந்த அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ, துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தார். ஈஸா நபி (அலை) அல்லாஹ்வின் அனுமதியோடு பிறவிக் குருடருக்குப் பார்வை கொடுத்தார்கள் என்பது அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுவான நம்பிக்கை. கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை முன்னிட்டு ஸூரா அபஸ இறங்கியதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். எங்கள் வீட்டுக் குருடரை நாங்கள் எப்படி நடத்துகிறோம்?

இனி மாமியின் கதைக்கு வருகிறேம்.

மீளக்குடியேறி சோனகத்தெருப் பக்கம் வந்தபோதே மாமிக்குப் பார்வை மங்கத் தொடங்கியிருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. தினமும் ஸுபஹுக்குப் பிறகு குர்ஆனை விரித்து வைத்து ஓதுவா. ஒருநாள் சின்னவன் ஓடிவந்து, "உம்மம்மா குர்ஆனைத் தலைகீழா வச்சிருக்கா" என்றான். போய்ப் பார்த்தோம். மனப்பாடத்தில் ஓதிக்கொண்டு, நாங்கள் கவலைப்படக்கூடாது என்று இடையிடையே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தா.

ஆஸ்பத்திரி என்றதும் மறுத்துவிட்டா. ஒப்பரேசன் என்றால் கண்ணையே வெளியில் எடுத்துக் கழுவி வைப்பார்கள் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது என்று சொல்வார்களே, வுழூவும் ஸுஜூதும் என்னாவது? "தொழாமல் கிடக்கிறதை விடக் குருடாக் கிடக்கலாம்" என்றா. மௌலவி வீட்டுக்கு வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, கதிரையில் இருந்து தலையைக் கொஞ்சம் அசைத்துத் தொழலாம், வுழூவுக்கும் வழி இருக்கிறது, நோன்பில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாலும் நோன்பு முறியாது என்றார்.

அடுத்தது, பரிசோதனை நடத்துபவர்கள் வேதக்காரர் என்ற கதை. எங்களோடு படிப்பிக்கும் கிறிஸ்தவ ரீச்சர் ஒருவர் பின்னேரம் வந்து மாமிக்குப் பக்கத்தில் இருந்து, "அம்மா, சேர்ச்சுக்கு இல்லை, பள்ளிக்கூடத்திலதான் பாக்கினம். நானும் வாறன்" என்றா. இந்த முறை நாங்கள் பேரை எழுதிக் கொடுத்தோம்.

பள்ளிக்கூடத்தில் முதலில் போதகர் ஒருவர் சின்ன ஜெபம் சொன்னார். மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தா. பிறகு பேர், வயது, சீனி வருத்தம், பிரஷர் கேட்டார்கள். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வாங்கில் விபூதி பூசிய ஒரு ஆச்சி. இருவரும் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வீடு வரும்போது மாமி சொன்னா: "அவங்க அவங்கட துஆவைக் கேட்டாங்க. நான் என்ர துஆவைக் கேட்டன். அவ்வளவுதானே."

அவர்கள் தந்த கடிதத்தோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ஒப்பரேசன் அரை மணித்தியாலம் கூட எடுக்கவில்லை. கண்ணை வெளியில் எடுப்பதெல்லாம் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதால் மங்குவதுதான் புரை. விறைக்கச் செய்து, சின்னதாக வெட்டி, மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைக்கிறார்கள்.

அடுத்த நாள் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த மாமி, முன் சுவரைப் பார்த்தபடி நின்றா. சுவரெல்லாம் சன்னம் பட்ட ஓட்டைகள், பாதி பூசாமல். "இது எப்ப இருந்து?" என்றா. நாங்கள் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்றோம். "வீடு அப்பிடியே இருக்கெண்டல்லோ எல்லாருக்கும் சொல்லித் திரிஞ்சன்" என்று சொல்லி உள்ளே போனா.

இரவு கேட்டா: "அக்காவுக்கும் அண்டைக்கு இவ்வளவுதானோ செய்திருப்பாங்க?"

ஓம் என்றோம். பேரை வெட்டவைத்தது நாங்கள்தான் என்பதையும் சொன்னோம். இத்தனை வருடமும் சொல்லாமல் இருந்தது.

"எனக்குத் தெரியும் மகன்" என்றா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனி ஆற்ற பேரையும் வெட்டாதீங்க" என்றா.

அதற்காகத்தான் இந்தப் பதிவு.

வீட்டில் முதியவர் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியில் ஊற்றினால், படியில் தடுமாறினால், இரவில் வெளிச்சம் கூசுகிறது என்றால், வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். கண்ணைக் காட்டுங்கள். புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனம். ஒப்பரேசனுக்குப் பிறகு மருந்தை நேரத்துக்கு விடுங்கள், கண்ணைக் கசக்க விடாதீர்கள். வலி, சிவப்பு, பார்வை குறைதல் இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்கிறார்கள். கூட்டிப்போக ஆள் இல்லாமல்தான் பலர் வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: வெள்ளிக்கிழமை வசூலில் ஒரு பங்கை முதியவர்களை கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் ஓட்டோ காசுக்கு ஒதுக்குவோம். பக்கத்துத் தெரு ஆச்சிக்கும் அந்தோனி ஐயாவுக்கும் அதே ஓட்டோ ஓடட்டும். அவர்கள் எங்களிடம் மதம் கேட்கவில்லை, நாங்களும் கேட்க வேண்டாம்.

மாமியின் மற்றக் கண்ணுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. வாங்கில் இருந்த ஆச்சிக்கும் அதே நாள். இருவரையும் ஒரே ஓட்டோவில் கூட்டிப்போகிறோம். துஆச் செய்யுங்கள். பெரியம்மாவின் மறுமை வாழ்வை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைப்பானாக. எங்கள் பிழையையும் மன்னிப்பானாக. ஆமீன்.